பின்னடைவுப் பயிற்சி

அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு வரவில்லை. அதனால் கணக்கு டீச்சரைத் தலைமை ஆசிரியர் ஆக்கினார்கள்.

ஆணை வந்தபோது அவர் பத்தாம் வகுப்பில் பின்னங்களைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அலுவலக எழுத்தர் வாசலில் வந்து நின்று, துக்கம் விசாரிக்க வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, "டீச்சர், நீங்க இனிமே டீச்சர் இல்லையாம்" என்றார். வேலையே போய்விட்டது என்றுதான் கணக்கு டீச்சர் நினைத்தார். வீட்டுக்காரர் வைத்திருப்பதோ ஒற்றை மெஷின் போட்ட தையல் கடை. தாளை வாங்கிப் படித்த பிறகுதான் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டாம் பத்தியைப் படித்ததும் வந்ததில் பாதி மறுபடி போயிற்று. "தலைமைப் பொறுப்பில் இருப்பவர் வகுப்பெடுத்தல் ஆகாது. வகுப்பெடுத்தலுக்குத் தலைமை தாங்குதல் வேண்டும்" என்று அதில் இருந்தது.

மறுநாள் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சந்தேகம் கேட்டார். அங்கே கல்வி மேம்பாட்டு அதிகாரி என்று ஒருவர் இருந்தார். ஆசிரியர்கள் தங்களுக்குள் அவரை 'ஏறுமுகம்' என்றுதான் சொல்வார்கள். அவர் போகுமிடமெல்லாம் சுருட்டிய வரைபடம் ஒன்று கக்கத்தில் கூடவே போகும். விரித்தால் இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்கு ஒரு சிவப்புக் கோடு ஏறியிருக்கும். அது எந்தப் பள்ளியின் கோடு என்று யாரும் கேட்டதில்லை. கோடு போடுவது அவர் வேலை. அதன்படி நடந்துகொள்வது பள்ளிகளின் வேலை.

"அய்யா, நான் கணக்கு எடுக்கலேன்னா வேற யாரு எடுப்பாங்க?"

"அருமையான கேள்வி" என்றார் ஏறுமுகம். "அதுக்குத்தான் உங்க பள்ளிக்கு ஒரு காலிப்பணியிடம் ஒதுக்கியிருக்கோம்."

"ஆளு?"

"ஆள் வேற, இடம் வேறம்மா. மொதல்ல இடம். இடமே இல்லாம ஆள் வந்து எங்க உக்காருவாரு?"

"பிள்ளைங்களுக்கு இன்னும் பின்னமே சரியா வரல அய்யா."

"பின்னம் வரலேங்கிறது நோய் இல்ல, நோயோட அறிகுறி. நோய் என்னன்னா, தலைமை இல்லாமை. நான் இந்தத் துறைக்கு வந்து எத்தனையோ வருஷமாச்சு. வகுப்பறைக்குள்ள போய் ஒரு பிரச்சினை தீந்து நான் பாத்ததே இல்ல." சற்று யோசித்து, நேர்மையாக இதையும் சேர்த்துக்கொண்டார்: "நான் உள்ள போனதும் இல்ல."

கால அட்டவணையில் கணக்குப் பாடத்துக்கு எதிரே 'காலிப்பணியிடம்' என்று எழுதப்பட்டது. பள்ளியிலேயே ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதது அதுதான்.

அடுத்த வாரம் டவுனில் தலைமைப் பண்புப் பயிற்சி. ஒரு கல்யாண மண்டபத்தில் சுற்றுவட்டாரத் தலைமை ஆசிரியர்களையெல்லாம் வட்டமாக நிறுத்தினார்கள். ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு, பின்பக்கமாகச் சாய வேண்டும். பின்னால் நிற்பவர்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும். நம்பிக்கை வளர்வதற்காம். கணக்கு டீச்சரின் முறை வந்தபோது பின்னால் நின்றவர்கள் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவர் நம்பிக்கையோடு சாய்ந்தார். தரை தாங்கிக்கொண்டது.

"பாத்தீங்களா!" என்று ஏறுமுகம் மைக்கில் பூரித்தார். "விழுந்த பிறகும் அவங்களே எந்திரிக்கிறாங்க. இதுதான் தலைமை. இவங்கள யாராவது தாங்கியிருந்தா இந்தப் பண்பு வெளிய வந்திருக்குமா?"

வீட்டில் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே வீட்டுக்காரர் கேட்டார். "ஒரு வாரமா என்னம்மா சொல்லிக் குடுத்தாங்க?"

"பின்னாடி விழுறதுக்கு."

"அதுக்கு டவுன் வரைக்குமா போகணும்? நம்ம பாத்ரூம்லயே விழலாமே."

"சிரிக்காதீங்க. வலிக்குது."

பயிற்சி முடிந்து வந்தவர் கற்றதைப் பள்ளியில் பரப்ப வேண்டும் என்பது விதி. தலைமையைப் பகிர்ந்தளிக்கச் சொன்னார்கள். பகிர்ந்தளித்தார். மொழி ஆசிரியர் நூலகத் தலைவர் ஆனார். நூலகம் என்பது ஒரு இரும்பு பீரோ. சாவி தொலைந்து வெகுகாலமாகியிருந்ததால் நிர்வாகத்தில் சிக்கல் எதுவும் எழவில்லை. அறிவியல் டீச்சர் தண்ணீர்த் தொட்டித் தலைவர். பிள்ளைகளுக்கும் பொறுப்பு வேண்டுமே. ஜன்னல் தலைவர், டஸ்டர் தலைவர், மணித் தலைவர், செருப்பு வரிசைத் தலைவர். வீட்டுக்காரர் ராத்திரி பகல் பாராமல் துணி பேட்ஜ் தைத்துத் தள்ளினார். பத்தாம் வகுப்பில் பேட்ஜ் இல்லாத சட்டை ஒன்றும் இல்லை என்றானபோது ஏறுமுகம் பார்வையிட வந்தார்.

திருப்தியாக ஒரு சுற்று வந்தவர் திடீரென்று நின்றார்.

"எல்லாரும் தலைவர்கள். சரி. பின்பற்றுறவங்க யாரு?"

ஆளாளுக்குத் தங்கள் பேட்ஜைக் குனிந்து பார்த்தார்கள். தலைமை இருந்தால் பின்பற்றுதல் இருக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது என்று வரைபடத்தை விரித்துக் காட்டினார். கடைசியில் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, இவர்தான் பின்பற்றுபவர் என்று கணக்குக் காட்டினார்கள். அன்று முழுக்க வாட்ச்மேன் ஒவ்வொரு தலைவரின் பின்னாலும் கொஞ்ச தூரம் நடந்தார். சாயங்காலம் டீச்சரிடம் வந்து, "அம்மா, கேட்டப் பாத்துக்கச் சொன்னீங்க, பாத்துக்கிட்டேன். செடிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னீங்க, ஊத்துனேன். ஆனா அந்த செருப்புத் தலைவர் பின்னாடி மட்டும் என்னால நடக்க முடியாது. அவன் எனக்குப் பேரன் முறை" என்றார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கையில் பத்தாம் வகுப்பின் கணக்குப் பாடவேளைகள் காலிப்பணியிடத்தின் மேற்பார்வையில் அமைதியாகக் கழிந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் பேட்ஜைத் தொட்டுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு டீச்சர் வராந்தா வழியாகப் போகும்போதெல்லாம் கண்ணை நேரே வைத்துக்கொண்டு போவார். ஒருநாள் கரும்பலகையில் தான் பாதியில் விட்ட பின்னம் அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு, அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு தொடக்கநிலைத் தேர்வு பற்றிய சுற்றறிக்கை வந்தது. எல்லாப் பள்ளிகளிலும் பத்தாம் வகுப்புக்குக் கணக்கில் ஒரு தேர்வு. நாலு விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். வருஷக் கடைசியில் வரும் பொதுத்தேர்வோடு இதை ஒப்பிட்டு, எந்தப் பள்ளி எவ்வளவு ஏறியது என்று பார்ப்பார்கள். ஏறுமுகம் அதற்கென்றே ஒருநாள் வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஒரு மாடி ஏறணும்னா எங்கேர்ந்து கிளம்பணும்?"

"கீழேர்ந்து அய்யா."

"அவ்வளவுதான். இந்தத் தேர்வுல உங்க பிள்ளைங்க எவ்வளவு கீழ இருக்காங்களோ அவ்வளவு நல்லது. புரியுதா? நான் எதுவும் சொல்லல."

"அய்யா, அவங்களுக்குச் சொல்லித் தரவே ஆள் இல்ல. கீழதான் இருப்பாங்க. கவலையே படாதீங்க."

அதிகாரிக்குக் கவலை தீரவில்லை. எதற்கும் ஒரு மாதிரித் தேர்வு வைத்துப் பார்ப்போம் என்றார். வைத்தார்கள். முடிவைப் பார்த்ததும் அவர் முகம் இருண்டது. பிள்ளைகள் எல்லாரும் ஏதோ கொஞ்சம் மார்க் வாங்கியிருந்தார்கள். இருப்பதிலேயே அதிகம் வாங்கியவள் கறிக்கடைக்காரர் மகள். வகுப்பில் கணக்கு சுத்தமாக வராதவள் என்று பெயரெடுத்தவள்.

"எப்படிம்மா இவ்வளவு சரியாப் போட்ட?" என்று அதட்டினார்.

அந்தப் பெண் மிரண்டுபோய் எழுந்து நின்றாள். "எனக்கு எதுவுமே தெரியல சார். அதனால எல்லாத்துக்கும் மூணாவதையே குறிச்சேன்."

"தெரியாதுன்னா தப்பாப் போட வேண்டியதுதானே?"

"எது தப்புன்னும் தெரியல சார்."

ஏறுமுகம் நாற்காலியில் சாய்ந்தார். வெறும் தாளாகக் கொடுத்தால் தேர்வுக்கே வரவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். குருட்டாம்போக்கில் குறித்தால் குருட்டு அதிர்ஷ்டம் அடிக்கிறது. "சே! ஒழுங்கா ஃபெயிலாகக்கூட இவங்களுக்கு யாரும் சொல்லித் தரலியா?" என்று உண்மையான வேதனையோடு கேட்டார்.

கணக்கு டீச்சருக்கு அப்போதுதான் ஏதோ பொறி தட்டியது. பொறி தட்டியதை முகத்தில் காட்டாமல் பணிவாகச் சொன்னார்.

"அய்யா, தப்பான விடை எதுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. கொஞ்சம் பயிற்சி குடுத்தா வந்துடும். தினமும் ரெண்டு பாடவேளை வேணும். ஆனா நான் வகுப்பெடுக்கக் கூடாதுன்னு ஆணை இருக்கே?"

"அது கற்பித்தலுக்குத்தானே?" என்றார் ஏறுமுகம். விதிகளின் சந்துபொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி. "இதக் கற்பித்தல்னு யாரு சொல்ல முடியும்? இது பிள்ளைங்களப் பின்னுக்குத் தள்ளுற வேலை. 'பின்னடைவுப் பயிற்சி'ன்னு பேர் போட்டுக்குங்க. இன்னிக்கே உத்தரவு தரேன்."

உத்தரவு வந்தது. பேட்ஜ் ஆய்வு, தலைவர்கள் கூட்டம், பிள்ளைகளின் கனவுகளை எழுதிவைக்கும் பலகைக்கு வண்ணம் பூசுதல் எல்லாம் பின்னடைவுப் பயிற்சிக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று நிறுத்தி வைக்கப்பட்டன. தலைமை ஆசிரியர் ஆன பிறகு முதல் தடவையாகக் கணக்கு டீச்சர் சாக்பீஸோடு பத்தாம் வகுப்புக்குள் போனார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நாம தப்பா எழுதக் கத்துக்கப் போறோம். ஒரு விடைகூடத் தவறிப்போய்ச் சரியாயிடக் கூடாது."

கறிக்கடைக்காரர் மகள் கையைத் தூக்கினாள். "எது தப்புன்னு எப்படி டீச்சர் தெரியும்?"

"மொதல்ல எது சரின்னு கண்டுபிடி. அத மட்டும் விட்டுடு. மிச்சம் மூணுல எதையாச்சும் குறி."

"அப்ப கணக்கப் போடணுமா?"

"போட்டுத்தான் ஆகணும். வேற வழியே இல்ல."

சரியாக எழுதச் சொன்னபோது பயந்து நடுங்கிய பிள்ளைகள், தப்பாக எழுதச் சொன்னதும் துணிந்து இறங்கினார்கள். தப்புப் போட்டால் திட்டு விழாது என்றாகிவிட்டதே. விரலை மடக்கி எண்ணினார்கள், தரையில் எழுதிப் பார்த்தார்கள், பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போட்டார்கள். "டேய், அது சரியான விடைடா, அதக் குறிச்சுத் தொலைச்சிடாத" என்ற எச்சரிக்கை வராந்தா வரைக்கும் கேட்டது. கறிக்கடைக்காரர் மகளுக்குப் பின்னம் பிடிபடாமல் இருந்தது. கணக்கு டீச்சர் கால் கிலோவையும் முக்கால் கிலோவையும் தராசில் வைத்துச் சொன்னதும், "அட, இதுதானா? இத நான் தினமும் கடையில போடுறேனே" என்றாள். அன்றிலிருந்து அவளைப் பிடிக்க முடியவில்லை. வீட்டிலும் நோட்டும் கையுமாகத் திரிந்தாள்.

ஒருநாள் காலை அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். கத்தி பிடித்துக் காய்த்த கைகள். அறைக்குள் வந்து நின்றதும் அறை சின்னதாகிவிட்டது.

"ஏன் டீச்சர், எம்மக ஃபெயிலாகுறதுக்கு நீங்க ட்ரெயினிங் குடுக்குறீங்களாமே?"

"உக்காருங்க."

"உக்காரலாம் வரல. அவளுக்கு எதுக்கு அதுக்கு ட்ரெயினிங்? தானா வருமே! மூணு வருஷமா நான் பாக்கலியா? ஃபெயிலாகப் போறவ எதுக்கு இங்க வந்து பெஞ்சத் தேய்க்கணும்? கடையில கல்லாவுக்கு ஆள் இல்லாம நான் ஒத்தையாளா அல்லாடுறேன். இன்னியோட நிறுத்திக்கிறேன்."

கணக்கு டீச்சர் எழுந்தார். அவரை வராந்தாவுக்கு அழைத்துப்போய் ஜன்னல் பக்கம் நிறுத்தினார். உள்ளே அவர் மகள் கரும்பலகை முன்னால் நின்று, செருப்பு வரிசைத் தலைவனுக்கு வட்டிக் கணக்கு ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தாள். "இங்க வரைக்கும் வந்துட்டியா? இப்ப இதுதான் சரி. இதுல கை வச்சிடாத. புரிஞ்சுதா எருமை?"

கறிக்கடைக்காரர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவளா பேசுறா?"

"அவதான்."

"யாரையோ எருமைங்கிறா."

"அது மட்டும் நான் சொல்லித் தரல."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப ஃபெயிலுக்கே இவ்வளவு படிக்கணுமா?" என்று ஆச்சரியமாகக் கேட்டுவிட்டு, மகளைக் கூப்பிடாமலே படியிறங்கிப் போனார்.

தொடக்கநிலைத் தேர்வு வந்தது. வகுப்பு முழுவதும் பூஜ்யம். ஒருவர்கூட ஒரு விடைகூடச் சரியாகக் குறிக்கவில்லை. ஏறுமுகம் மாலையும் கையுமாக வந்தார். பிள்ளைகளை மைதானத்தில் உட்கார வைத்துப் பேசினார்.

"மத்தப் பள்ளியெல்லாம் இருபதுலயும் முப்பதுலயும் நிக்குது. அங்கேர்ந்து ஏறுறது ஒரு ஏற்றமா? இவ்வளவு சுத்தமான, கலப்படமே இல்லாத பூஜ்யத்த என் வாழ்நாள்ல நான் பாத்ததில்ல. இதுக்குப் பின்னாடி எவ்வளவு உழைப்பு இருக்கணும்! நாட்டுக்கு இன்னிக்குத் தேவை இந்த மாதிரி பிள்ளைங்கதான். நாங்க எங்க நிக்கச் சொல்றோமோ அங்க நிக்கிற பிள்ளைங்க."

பிள்ளைகள் கை தட்டினார்கள். மொழி ஆசிரியர் கணக்கு டீச்சரின் காதோரம் குனிந்து, "எங்க வாத்தியார் காலத்துல முட்டை வாங்குனா முட்டி போடச் சொல்லுவாரு. இப்ப மாலை போடுறாங்க. காலம் முன்னேறிடுச்சு டீச்சர்" என்றார்.

பூஜ்யத்தின் புகழ் பரவியது. மற்றப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் வேன் வைத்துக்கொண்டு பார்க்க வந்தார்கள். வருபவர்களுக்குக் காட்டுவதற்காகப் பின்னடைவுப் பயிற்சியை நிறுத்தாமல் நடத்தும்படி ஏறுமுகம் இன்னொரு உத்தரவு போட்டார். வந்தவர்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். ஒருவர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "அம்மா, தப்பாச் சொல்றேன்னு நினைக்காதீங்க. இது பாக்கிறதுக்கு அப்படியே கணக்கு வகுப்பு மாதிரியே இருக்கே?" கணக்கு டீச்சர் பதறிப்போய், "சத்தம் போட்டுச் சொல்லாதீங்க சார்" என்றார். அந்த மனிதர் தலையை ஆட்டினார். பிறகு குறிப்பு நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, மிச்சப் பாடத்தைச் சும்மா ரசித்துக் கேட்டுவிட்டுப் போனார்.

இப்படியே இயற்கணிதம் முடிந்தது. வடிவியல் முடிந்தது. கறிக்கடைக்காரர் மகளுக்கு ஓர் ஆசையும் முளைத்திருந்தது. அந்த வருஷம் ரோட்டை அகலப்படுத்த அளவெடுக்க வந்தவர்கள் முக்காலியில் கருவியை நிறுத்தி, ஒற்றைக் கண்ணால் பார்த்து, தூரத்தை எழுதிக்கொண்டதை அவள் கடை வாசலில் நின்று பார்த்திருந்தாள். டவுனில் நில அளவைப் படிப்பு இருக்கிறதாம். கணக்கில் நல்ல மார்க் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம்.

பொதுத்தேர்வு நெருங்கியபோது ஏறுமுகம் வந்தார். இந்த முறை முகத்தில் புதுக் கவலை.

"பிள்ளைங்க எப்படி இருக்காங்க?"

"நல்லாப் போடுறாங்க அய்யா. எல்லாருமே நல்லாப் போடுவாங்க."

"அதான் பயமா இருக்கு." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அம்மா, நான் சொல்றத நிதானமாக் கேளுங்க. இந்த வருஷமே பூஜ்யத்துலேர்ந்து உச்சிக்குப் போயிட்டா, அடுத்த வருஷம் எங்க ஏறுறது? அதுக்கடுத்த வருஷம்? எனக்கு ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் கிடக்கு. முன்னேற்றத்த இப்படி ஒரே மூச்சுல செலவழிக்கலாமா? பாதிக்கு மேல வேண்டாம். பாதியோட நிறுத்திக்கச் சொல்லுங்க."

"அய்யா, இது அவங்களோட பொதுத்தேர்வு. வாழ்க்கைக்கே..."

"வாழ்க்கை எங்க போகப் போகுது? கோடுதான் போயிடும்." எழுந்தவர் வாசலில் நின்று, பேச்சுவாக்கில் சொல்வதுபோலச் சொன்னார். "உங்க வீட்டுக்காரருக்குக் கடை இந்த ஊர்லதானே? மலைப்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நல்ல தலைமை தேவைப்படுதுன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அன்று ராத்திரி கணக்கு டீச்சர் நடந்ததையெல்லாம் வீட்டில் சொன்னார். வீட்டுக்காரர் சட்டைப் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"மலைப்பக்கம் குளிருமே" என்றார்.

"விளையாடாதீங்க. கடை?"

"மெஷினுக்குச் சக்கரம் இருக்கு. தலையில தூக்கிட்டா போகப் போறேன்?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நான் ஒருத்தனுக்குச் சட்டை தைக்கிறேன். பாதி தச்சுட்டு, மீதிய அடுத்த வருஷம் வாங்கிக்கோன்னா அவன் எதப் போட்டுக்கிட்டுத் திரிவான்?"

மறுநாள் கணக்கு டீச்சர் வகுப்பில் நின்றார். உத்தரவை மறைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"பொதுத்தேர்வுல பாதிக்கு மேல யாரும் சரியா எழுத வேணாம்னு அலுவலகத்துல சொல்லியிருக்காங்க. எங்கிட்ட சொன்னத உங்ககிட்ட சொல்லிட்டேன். நீங்களும் கேட்டுட்டீங்க."

செருப்பு வரிசைத் தலைவன் பேட்ஜைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு கறிக்கடைக்காரர் மகள் எழுந்தாள்.

"கேக்கல டீச்சர். வெளிய லாரி போச்சு."

குவாரி லாரிகள் எப்போதாவது அந்தப் பக்கம் போகும். கணக்கு டீச்சர் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். ஒரு சைக்கிள்கூட இல்லை. கண் கரித்தது.

"ஆமா" என்றார். "பெரிய லாரி." சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினார். "சரி, நேத்து விட்ட கணக்க எடுங்க."

பொதுத்தேர்வு முடிவு வந்த அன்று மாவட்டத்திலேயே கணக்கில் முதலிடம் அந்தப் பள்ளிக்கு. எல்லாரும் தேர்ச்சி. கறிக்கடைக்காரர் மகளுக்கு நூற்றுக்கு ஒன்று குறைவு. வரைபடத்தில் அந்தப் பள்ளியின் கோடு செங்குத்தாக ஏறி, தாளின் விளிம்பைத் தொட்டு நின்றுவிட்டது. அதற்கு மேல் போக இடமில்லை. ஏறுமுகம் அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் விடுப்பில் போனதாகச் சொன்னார்கள்.

ஒரு மாதத்தில் விசாரணைக்கு அழைப்பு வந்தது. மேலே இருந்து வந்த இயக்குநர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஏறுமுகம், கண்ணெல்லாம் உள்ளே போய்.

"உங்க மேல உள்ள புகார் ரொம்பக் கடுமையானது" என்றார் இயக்குநர். "நாலு வருஷத்துக்குப் பிரிச்சுச் செய்ய வேண்டிய முன்னேற்றத்த நீங்க ஒரே வருஷத்துல முடிச்சிட்டீங்க. இனிமே உங்க பள்ளிக்கூடம் எங்க போனாலும் அது இறக்கம்தான். இதப் பத்தி யோசிச்சீங்களா?"

"இல்லைங்க."

"பாதியோட நிறுத்தணும்னு பிள்ளைங்ககிட்ட சொன்னீங்களா, இல்லியா?"

"சொன்னேன். அப்ப வெளிய லாரி போச்சுங்க. அவங்களுக்குக் கேக்கல."

இயக்குநர் இதைக் கவனமாக எழுதிக்கொண்டார். "இனிமே இந்த மாதிரி நடக்காதுன்னு எழுதிக் குடுத்துட்டா எச்சரிக்கையோட விட்டுடலாம். பதவியும் இருக்கும்."

கணக்கு டீச்சர் யோசித்தார். வாயால் ஒரு லாரியை ஓட்டியாயிற்று; கையெழுத்துப் போட்டுப் பொய் எழுத அவருக்கு மனம் வரவில்லை. "ஒன்பதாவதுலேர்ந்து வந்திருக்கிற பிள்ளைங்களும் கொஞ்சம் நல்லாத்தான் போடுறாங்க அய்யா. எப்படி எழுதிக் குடுக்கிறது?"

விசாரணை முடிவில் இரண்டு ஆணைகள் பிறந்தன. முதலாவது: பள்ளி நேரத்தில் அந்தச் சாலையில் லாரி போகத் தடை. பள்ளிக்கு முன்னால் பலகைகூட நட்டுவிட்டார்கள். இரண்டாவது: கணக்கு டீச்சரிடம் தலைமைப் பண்பு அறவே இல்லை என்பது உறுதியானதால் அவரைப் பதவியிலிருந்து இறக்கி, சம்பளத்தையும் பழைய நிலைக்குக் குறைத்து, அதே பள்ளியில் வகுப்பெடுக்கும் வேலைக்கு அனுப்புவது. மலைப்பக்கத்துக்கு அனுப்பலாம் என்று ஏறுமுகம் வாதாடிப் பார்த்தார். அங்கே தலைமைதான் தேவை, டீச்சர் தேவையில்லை என்று இயக்குநர் மறுத்துவிட்டார்.

புதுத் தலைமை ஆசிரியர் டவுனிலிருந்து வந்தார். வந்த முதல் நாளே பேட்ஜ்களையெல்லாம் திரும்பக் கேட்டார். கணக்கு டீச்சர் தன் நாற்காலியைப் பழைய ஆசிரியர் அறைக்கு இழுத்துப்போய், மொழி ஆசிரியர் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு மதியம்தான் கறிக்கடைக்காரர் வந்தார். இந்த முறை சொல்லாமலே உட்கார்ந்தார். மகளை டவுனில் சேர்த்துவிட்டு நேரே பஸ்ஸில் வந்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது.

"விட்டுட்டு வந்துட்டேன் டீச்சர். ஹாஸ்டல். அழுவான்னு பாத்தேன், அவ அழல." கையை உயர்த்திக் காட்டினார். "கட்டடத்தப் பாத்து அது எவ்வளவு உயரம்னு எனக்கு வெளக்கம் சொல்றா."

"சந்தோஷங்க."

"உங்களுக்கென்ன, சந்தோஷம். கல்லாவுல இப்ப யார வைக்கிறது? மூத்தவ கைவிட்டுப் போயிட்டா." வாசல் பக்கம் திரும்பி, "உள்ள வா" என்றார். அவரைப்போலவே வாட்டசாட்டமான ஒரு சின்னப் பெண் தயங்கி உள்ளே வந்தாள். "இது இளையவ. இந்த வருஷம்தான் உங்க பள்ளிக்கூடத்துல சேக்குறேன். இவளுக்கும் கணக்கு சுட்டுப்போட்டாலும் வராது. இவளாச்சும் எனக்குக் கடைக்கு மிஞ்சுவாளா டீச்சர்?"

கணக்கு டீச்சர் அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். அவள் அதற்குள் மேஜையில் இருந்த காம்பஸை எடுத்து, அதன் காலை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்ல முடியாதுங்க" என்றார்.